அரசியல் வன்முறையை ஆராய்வது எப்படிப்பட்ட வேலை? செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஓர் அறிமுகம்

1942 ஆகஸ்டில் காந்தி கைதான செய்தி பரவிய பிறகு தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். அதே மாதம் திருவாடானையில் பெருங்கூட்டம் திரண்டு போய்ச் சிறையை உடைத்து, உள்ளே இருந்த சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தது. பின்னாளில் தமிழ்ப்பண்ணை பதிப்பகம் நடத்தியவர் அவர். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் இதைத் தியாகிகளின் கதையாகத்தான் கேட்டிருப்போம். அன்றைய அரசாங்கத்துக்கோ அது கலகம்.

நடந்தது ஒன்றுதான், பெயர் வைப்பவரைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. பெயர் வைப்பதோடு நிறுத்தாமல், இது ஏன் இங்கே நடந்தது, ஏன் அந்த நாட்களில் நடந்தது, அதே கோபம் இருந்த வேறு ஊர்கள் ஏன் அமைதியாக இருந்தன என்று கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அரசியல் வன்முறை, பயங்கரவாதம், தீவிரமயமாதல் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சி அது. அதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்விதழ்கள் இருக்கின்றன, அதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் கல்லூரிகளில் வரலாறு, அரசியல் அறிவியல், உளவியல் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு இதில் ஆர்வம் உண்டு. வீட்டில் சொன்னால், "போலீஸ் வேலையா? உளவுத்துறையா? நமக்கெதுக்கு அந்த வம்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போலீஸும் உளவுத்துறையும் நடக்கப்போவதைத் தடுக்கவும் நடத்தியவரைப் பிடிக்கவும் பார்க்கின்றன. ஆராய்ச்சியாளருக்கு யாரையும் பிடிக்கும் வேலை கிடையாது. நடந்ததையும் நடக்காமல் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காரணம் தேடுவது அவர் வேலை. நாளின் பெரும்பகுதி படிப்பதிலும், எண்ணுவதிலும், ஆட்களிடம் பேசுவதிலும், எழுதியதைத் திருத்துவதிலும் போகும்.

எதை எண்ணுவது, எதை விடுவது

அரசியல் வன்முறை என்பது பெரிய வட்டம். கலவரம், கிளர்ச்சி, உள்நாட்டுப் போர், அரசியல் கொலை, அரசே தன் மக்கள் மீது நடத்தும் துப்பாக்கிச் சூடு எல்லாம் அதற்குள் அடக்கம். பயங்கரவாதம் அந்த வட்டத்துக்குள் ஒரு பகுதி. அடிபடுகிறவர் ஒருவர், அதைக் கொண்டு மிரட்டப்படுகிறவர் வேறொருவர் என்பது அதன் அடையாளம். பஸ் நிலையத்தில் குண்டு வைப்பவருக்கு அங்கே நின்ற பயணிகளோடு தனிப்பட்ட பகை இல்லை. செய்தியைக் கேட்டு நடுங்கப்போகும் லட்சம் பேரும் அரசாங்கமும்தான் அவருடைய குறி. தீவிரமயமாதல் என்பது ஒரு போக்கு. ஒருவரோ ஒரு கூட்டமோ படிப்படியாக, இதற்கு வன்முறையும் சரிதான் என்ற இடத்துக்கு வந்து சேர்வதை அப்படிச் சொல்கிறோம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பும் 2005 லண்டன் குண்டுவெடிப்பும் நடந்த பிறகுதான் அந்தக் கருத்து ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாலும் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1980களில் அலெக்ஸ் ஷ்மிட் என்ற ஆய்வாளர் பயங்கரவாதத்துக்குப் பலரும் கொடுத்த விளக்கங்களைத் திரட்டியபோது 109 கிடைத்தன. நாடுகளின் சட்டங்கள் சொல்லும் விளக்கம் தனி. இந்தியாவில் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஒரு விளக்கம் தருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அமைப்புகளைப் போலவே தனி நபரையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். வழக்கு நடத்த அந்த விளக்கம். நாடு நாடாக ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளருக்கு வேறொன்று வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம் போதும். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியது. 1970 முதல் நடந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சம்பவங்கள் அதில் இருக்கின்றன. ஒரு சம்பவம் அதில் இடம்பெற வேண்டுமானால், வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும், வன்முறையோ வன்முறை மிரட்டலோ இருக்க வேண்டும், செய்தவர் அரசு சாராதவராக இருக்க வேண்டும். அப்புறம் இன்னும் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: அரசியல், பொருளாதார, மத, சமூக நோக்கம் ஏதாவது ஒன்று, நேரடியாக அடிபட்டவரைத் தாண்டிப் பலரை மிரட்டும் அல்லது அவர்களுக்குச் செய்தி சொல்லும் எண்ணம், முறையான போருக்கு வெளியே நடந்தது.

இந்த அளவுகோலைத் தேவகோட்டைக்கு வைத்துப் பாருங்கள். 1942 சம்பவம் அந்தப் பட்டியலின் காலத்துக்கு முந்தையது, அதனால் அங்கே இல்லை. விதிகளை மட்டும் பொருத்திப் பார்த்தால் நீதிமன்றத்துக்குத் தீ வைத்தது உள்ளே வந்துவிடும். கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது வராது, ஏனென்றால் சுட்டது அரசு. பொதுமக்களைக் குறிவைத்தால்தான் பயங்கரவாதம் என்று சொல்லும் இன்னொரு விளக்கத்தை எடுத்துக்கொண்டால், கட்டடத்தை எரித்தது வெளியே போய்விடும். ரிச்சர்ட் ஜாக்சன் போன்றவர்கள் 2008இல் தனி ஆய்விதழே தொடங்கி, அரசு நடத்தும் வன்முறையை ஒதுக்கிவிட்டு இத்துறை நடக்கிறது என்று வாதிட்டது இந்தக் காரணத்தால்தான். அந்த விமர்சனத்தில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். அதற்காகத் தரவுத்தளத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எண்ணைப் பார்க்கும் முன் எண்ணிய விதியைப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டில் 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அதை ஆயுத மோதலாகக் கணக்கில் எடுக்கிறார்கள். 24 பேர் இறந்த மோதல் அந்தப் பட்டியலில் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேரிலாண்ட் தரவில் 1993ஆம் ஆண்டின் பதிவுகள் இல்லை. பழைய அட்டைகளை அலுவலகம் மாற்றும்போது தொலைத்துவிட்டார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஒரு தரவில் முழுசாக ஒரு வருஷம் இப்படிக் காணாமல் போயிருக்கிறது. காகிதத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்திலும் வருகிறது.

பர்மா: நம்மவர்கள் இடம்பெறும் ஆய்வு

இது எங்கோ மேல்நாட்டு விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பர்மாவை. அரசியல் வன்முறை ஆய்வில் திரும்பத் திரும்பப் பேசப்படும் ஒரு கிளர்ச்சியில் நம் ஊர் ஆட்கள் நடுவில் இருக்கிறார்கள்.

1852இல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி நெல் போட்ட குடியானவருக்குப் பணம் தேவைப்பட்டது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கடை வைத்து, ஏஜெண்டும் அடுத்தாளும் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதினார்கள். அந்தப் பணம்தான் இங்கே கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் தேக்குத் தூண்களாக நிற்கிறது.

1929க்குப் பிறகு வந்த உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. கடன் இறங்கவில்லை, ஆளுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வாங்கிய தலைவரியும் இறங்கவில்லை. வரியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்ற கோரிக்கையை அரசு மறுத்த கையோடு, 1930 டிசம்பரில் தாராவாடி மாவட்டத்தில் கிளர்ச்சி வெடித்தது. தலைவர் சாயா சான். கிளர்ச்சிக்காரர்கள் கருடனை அடையாளமாகப் பச்சை குத்திக்கொண்டார்கள். ஊர்த் தலைவர்களும் அரசாங்க ஆட்களும் தாக்கப்பட்டார்கள், சில இடங்களில் இந்தியர்களும். 1931 நவம்பரில் சாயா சானைத் தூக்கிலிட்டார்கள். சண்டை 1932 வரை இழுத்தது. அப்புறமும் கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938இல் சுமார் 25 சதவீதம்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1976இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கிளர்ச்சியை இப்படி விளக்கினார். எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட, எடுத்த பிறகு என் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் குடியானவரின் கணக்கு. நல்ல வருஷத்தில் நிறையக் கொடுத்துவிட்டும் பொறுத்துக்கொள்வார். விளையாத வருஷத்திலும் விலையில்லாத வருஷத்திலும் அதே தொகையைக் கேட்டால் அடுப்பில் கை வைத்தது போல. தலைவரி அந்த மாதிரி வரி.

மூன்று வருஷம் கழித்து சாமுவேல் பாப்கின் இதை மறுத்தார். அவர் பார்த்தது வியட்நாம். பசி ஊர் முழுக்கப் பொதுவானது, ஆனால் உயிரைப் பணயம் வைப்பது தனி ஆளின் முடிவு. மற்றவர்கள் போராடட்டும், வரி குறைந்தால் பலன் எனக்கும் வரும் என்று ஒதுங்கி இருப்பதுதான் பெரும்பாலோரின் இயல்பு. அந்த இயல்பைத் தாண்டி ஆட்களைத் திரட்டும் அமைப்பும், நம்பத் தகுந்த தலைவரும், உடனடியாகக் கைக்கு வரும் பலனும் இருந்தால்தான் கிளர்ச்சி நடக்கும் என்றார்.

இந்த இரண்டு வாதங்களும் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் இத்துறையின் பாதி பிடிபட்ட மாதிரி. குறை இருந்தால் வன்முறை வரும் என்று பத்திரிகையில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். குறை எங்கும் இருக்கிறது, வன்முறை சில இடங்களில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை விளக்காத எந்தக் காரணமும் பாதிக் காரணம்தான்.

மூன்றாவதாக ஒருவர் வந்தார். வரலாற்றாசிரியர் மைத்ரி ஆங்-த்வின் 2011இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு கேள்வியைக் கேட்டார்: சாயா சானைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அவரைத் தண்டிக்க அரசாங்கமே திரட்டிய வழக்குக் காகிதங்களிலிருந்து. அந்தக் காகிதங்கள் காட்டும் மூடநம்பிக்கைக்கார அரசனைத்தான் பின்னால் வந்த அறிஞர்களும் பார்த்தார்கள் என்று அவர் வாதிட்டார். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். வன்முறையைப் பற்றிய ஆவணங்களைப் பெரும்பாலும் போலீஸும் நீதிமன்றமும்தான் எழுதி வைக்கின்றன. அதை மறந்துவிட்டுப் படித்தால் அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவோம்.

இங்கேதான் செட்டிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன். தாராவாடியிலும் பெகுவிலும் கடை வைத்திருந்த ஏஜெண்டுகள் 1930இல் ஊருக்கு என்ன கடிதம் எழுதினார்கள்? யாரைக் கண்டு பயந்தார்கள், எந்தக் கடனைத் தள்ளிவைத்தார்கள், பக்கத்துக் கடை தாக்கப்பட்டபோது என்ன செய்தார்கள்? வழக்குக் காகிதத்தில் இது கிடைக்காது. உங்கள் ஐயா வீட்டு இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடக்கும் பெட்டகத்தில் கிடைக்கலாம். வீட்டைப் பங்கு பிரிக்கும்போது தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன, கடிதங்களும் பேரேடுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. தூணுக்கு விலை உண்டு, கடிதத்துக்கு விலை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அப்படி நினைக்காத மனிதர். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன, உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து பார்க்கிறார்கள். வீட்டில் பர்மாக் காகிதம் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நகரத்தார் எழுத்துமுறையைப் படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இப்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

யார் போகிறார்கள்?

கூட்டத்திலிருந்து தனி ஆளுக்கு வருவோம். 1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலுக்குப் பிறகு இத்துறை வேகமாக வளர்ந்தபோது, பலரும் எதிர்பார்த்தது ஒரு தனி மனநோயை. இப்படிப்பட்டவர்தான் பயங்கரவாதி ஆவார் என்று ஒரு முகத்தை வரைந்துவிடலாம் என்று நம்பினார்கள். அது பலிக்கவில்லை. அல்ஜீரிய விடுதலைப் போரை ஆராய்ந்து தொடங்கிய மார்த்தா கிரென்ஷா, பயங்கரவாதிகளிடம் எடுப்பாகத் தெரியும் பொதுக்குணம் அவர்கள் சாதாரண மனிதர்களாக இருப்பதுதான் என்று 1981இலேயே எழுதினார்.

குணத்தை விட்டுவிட்டு வழியைப் பாருங்கள் என்று உளவியலாளர் ஜான் ஹோர்கன் சொன்னார். ஒருவர் எப்படிச் சேர்ந்தார், சேர்ந்த பிறகு என்ன செய்தார், எப்படி வெளியே வந்தார் என்பது மூன்று தனிக் கேள்விகள். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இடதுசாரி ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்த டொனாடெல்லா டெல்லா போர்ட்டா, பலரும் நண்பர்கள் வழியாகத்தான் உள்ளே போனார்கள் என்று கண்டார். 172 ஜிகாதிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டிய மார்க் சேஜ்மனுக்கும் நட்பும் உறவும்தான் முதலில் தெரிந்தன. கொள்கைப் பிடிப்பு பலருக்கு அப்புறம் வந்தது. கிளார்க் மக்காலியும் சோஃபியா மொஸ்கலென்கோவும் இன்னும் ஒரு படி போய், தீவிரமான கருத்து வேறு, தீவிரமான செயல் வேறு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேர்பாதை இல்லை என்றார்கள். கடுமையாகப் பேசுகிற ஆயிரம் பேரில் கிட்டத்தட்ட யாருமே எதையும் செய்வதில்லை. செய்கிற சிலர் அதிகம் பேசாதவர்களாகவும் இருக்கலாம். பேச்சை வைத்து ஆளைச் சந்தேகிக்கும் கொள்கைகள் ஏன் அப்பாவிகளைத் துன்புறுத்துவதில் முடிகின்றன என்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

தமிழர்களுக்கு மிக அருகில் இருக்கும் உதாரணத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தார். அதில் 76 விடுதலைப் புலிகளுடையவை, மற்ற எந்த அமைப்பையும்விட அதிகம். மத அமைப்பு அல்லாத ஒன்று முதலிடத்தில் இருக்கும்போது மதம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, அந்நிய ஆக்கிரமிப்பாகக் கருதப்படும் படைகளை வெளியேற்றும் நோக்கமே அடிப்படை என்று வாதிட்டார். 2008இல் வேறு சில அரசியல் அறிவியலாளர்கள் குறுக்கே வந்தார்கள். தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, அதே நிலைமை இருந்தும் நடக்காத இடங்களைப் பார்க்காமல் காரணம் சொல்ல முடியாது என்றார்கள். பர்மாவைப் பற்றிக் கேட்ட அதே கேள்விதான்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததும் அதன் பிறகு வந்த தடையும் தமிழ்நாட்டில் இன்னும் ஆறாத விஷயம். மண்டபம் முகாமில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், நம் வகுப்பறைகளில் அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த நிலையில் ஒருவர் புலிகளைப் பற்றி ஆராய்ந்தால் ஒரு பக்கம் ஆதரவாளர் என்பார்கள், இன்னொரு பக்கம் துரோகி என்பார்கள். ஏன் நடந்தது என்று விளக்குகிறவர் நடந்தது சரி என்று சொல்லவில்லை. இதை வாயால் சொன்னால் போதாது, எழுதும் முறையிலேயே தெரிய வேண்டும்: இறந்தவர்களின் பக்கத்தையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும், இரண்டு தரப்பு வன்முறைக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாமலே ஈழப் போரைப் பற்றி எழுதிய வெளிநாட்டு ஆய்வுகள் உண்டு. துண்டறிக்கையையும் மேடைப் பேச்சையும் இரங்கல் கவிதையையும் மூலத்தில் படிக்கக்கூடிய ஆய்வாளர்கள் இன்னும் நிறையத் தேவைப்படுகிறார்கள்.

உள்நாட்டுப் போரின்போது கிராமங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய ஸ்டாதிஸ் கலிவாஸின் வேலையைப் படியுங்கள். கிரேக்கத்தில் ஆர்கோலிட் என்ற பகுதியின் கிராமங்களை அவர் ஆராய்ந்தார். கொள்கைக்காக நடந்ததாகப் பதிவான கொலைகளுக்குப் பின்னால் வரப்புத் தகராறும் குடும்பப் பகையும் இருந்ததை 2006இல் விரிவாகக் காட்டினார். ஆயுதக்காரருக்கு ஊரில் யார் யார் என்று தெரியாது. காட்டிக்கொடுப்பவர் ஊர்க்காரர், அவருக்குத் தீர்க்க வேண்டிய சொந்தக் கணக்கு இருக்கிறது.

எப்படி முடிகிறது என்பதற்கும் ஆய்வு உண்டு, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1968 முதல் 2006 வரையிலான 648 குழுக்களை சேத் ஜோன்ஸும் மார்ட்டின் லிபிக்கியும் பார்த்தார்கள். முடிவுக்கு வந்தவற்றில் 43 சதவீதம் அரசியல் வழிக்குத் திரும்பி முடிந்தன, 40 சதவீதத்தைப் போலீஸும் உளவுத்துறையும் முடித்துவைத்தன, 10 சதவீதம் தங்கள் நோக்கத்தை அடைந்தன. ராணுவ நடவடிக்கையால் முடிந்தவை 7 சதவீதம்.

பேசியவரைக் காப்பாற்றுவது

2001இல் ஆண்ட்ரூ சில்கே இத்துறையின் கட்டுரைகளைக் கணக்கெடுத்தபோது, 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை பிறர் எழுதியதை வைத்தே எழுதப்பட்டவை என்று தெரிந்தது. பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனால் நேரில் போய்ப் பேசுவது என்று வந்தால் பொறுப்பும் கூடவே வருகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்று சொல்லித்தான் பேச வைத்தார்கள். 2011இல், 1972ஆம் ஆண்டின் ஒரு கொலை வழக்குக்காக பிரிட்டிஷ் தரப்பு அந்த நாடாக்களைக் கேட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் வழியாகச் சில பதிவுகள் கைமாறின. அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் அதிகாரம் ஆய்வாளர்களுக்கு இருக்கவே இல்லை. யாரிடம் பேசப் போனாலும், உங்களால் எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவையில்லாத பெயரைக் கேட்காதீர்கள், கேட்காத பெயரை யாரும் உங்களிடமிருந்து வாங்க முடியாது.

உங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2008இல் இங்கிலாந்தில் ஒரு முதுகலை மாணவர் ஆய்வுக்காக அல்-கொய்தா கையேடு ஒன்றைப் பதிவிறக்கம் செய்ததற்காகச் சில நாட்கள் காவலில் இருந்தார். வழக்கு எதுவும் இல்லாமல் விடுவித்தார்கள் என்றாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. தடை செய்யப்பட்ட அமைப்பின் வெளியீடுகளைச் சொந்த லேப்டாப்பில் சேர்த்து வைக்காதீர்கள். வழிகாட்டியின் எழுத்துபூர்வமான அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் இல்லாமல் அப்படிப்பட்டவர்களைத் தொடர்புகொள்ளாதீர்கள். கொலைக் காணொளிகளை மணிக்கணக்காகப் பார்த்து மனம் பாதிக்கப்பட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தூக்கம் கெட்டால் வேலையை நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள்.

எங்கே தொடங்குவது

இளநிலைப் படிப்பு எதுவாகவும் இருக்கலாம். வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் எல்லாம் நேராக வரும் வழிகள். புள்ளியியலும் கணினி அறிவியலும் படித்தவர்களுக்கு இப்போது தேவை அதிகம், ஏனென்றால் தரவு பெருத்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்தியியல் துறை இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்விலும் அது ஒரு தனிப் பாடம். நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜேஎன்யூ), பாதுகாப்பு ஆய்வுக் கழகம், தெற்காசியப் பயங்கரவாதத் தகவல்களைத் தொகுத்து வெளியிடும் மோதல் மேலாண்மைக் கழகம் ஆகியவை இருக்கின்றன. வெளிநாடு என்றால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், லண்டன் கிங்ஸ் கல்லூரி, உப்சாலா, அப்புறம் சிங்கப்பூரில் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினத்தின் பெயரிலான கல்லூரி. அங்கே இதற்கென்றே ஒரு மையம் உண்டு.

வேலை என்றால் பேராசிரியர் பதவி மட்டும் என்று நினைக்க வேண்டாம், அதுவோ எளிதில் கிடைப்பதில்லை. கொள்கை ஆய்வு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், பத்திரிகைகள் இருக்கின்றன. பெரிய இணைய நிறுவனங்கள் 2017இல் பயங்கரவாத உள்ளடக்கத்தைத் தடுக்க ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின, அந்த நிறுவனங்களிலும் மொழி தெரிந்த ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். வீட்டில் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்: முதல் நிரந்தர வேலைக்குப் பல ஆண்டுகள் ஆகலாம், நடுவில் ஒப்பந்த வேலைகள்தான் வரும்.

வழிகாட்டியைத் தேடும்போது "பயங்கரவாதத்தை ஆராய விரும்புகிறேன்" என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. ஓர் இடம், ஒரு காலம், ஒரு வேறுபாடு, மூன்றையும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் தீ பிடித்தபோது அதே மாவட்டத்தில் எந்த ஊர்களில் எதுவும் நடக்கவில்லை, அந்த ஊர்களில் காங்கிரஸ் கமிட்டி இருந்ததா, போலீஸ் எத்தனை பேர் இருந்தார்கள், இதைக் காட்டும் காகிதம் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதிய ஒரு பக்கத்துக்குப் பதில் வரும்.